கிராஃபிங் கால்குலேட்டர்ல கிராஃப் போடுறது: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளும் பதில்களும்

கையில வெச்சுக்கிற கிராஃபிங் கால்குலேட்டர் வாங்குன முதல் வாரத்துல எல்லாருக்கும் ஒரே மாதிரி சந்தேகம்தான் வருது, நானும் பசங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கும்போது அதே பதிலையே வருஷாவருஷம் சொல்லிட்டு இருக்கேன், அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சுடலாம்னு உக்காந்தேன். பட்டன் பேரெல்லாம் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியோட (சுருக்கமா டிஐ) டிஐ-84 பிளஸ் வெச்சு சொல்றேன், ஏன்னா என் கைல இருக்கிறது அந்த பழைய கருப்பு வெள்ளை மாடல்தான். கேசியோ வெச்சிருக்கவங்க கோச்சுக்காதீங்க, உங்களுக்கும் கீழ ஒரு கேள்வி இருக்கு.

இது எப்படி கிராஃப் போடுது? உள்ள என்னதான் நடக்குது?

இதை மட்டும் புரிஞ்சுக்கிட்டா மீதி கேள்வில பாதி தானா காணாமப் போயிடும், அதான் முதல்ல வெச்சேன். கால்குலேட்டருக்கு பராபோலான்னா என்ன, சைன் வேவ்னா என்னன்னு எதுவும் தெரியாது. நீங்க குடுத்த ஃபங்ஷன்ல எக்ஸுக்கு ஒரு நம்பர் போடும், ஒய் என்ன வருதுன்னு பாக்கும், அந்த இடத்துல ஒரு புள்ளி வைக்கும். அடுத்த நம்பர், அடுத்த புள்ளி. ரெண்டு புள்ளிக்கும் நடுவுல ஒரு கோடு இழுத்து விடும். அவ்ளோதான் வேலை.

டிஐ-84 பிளஸ்ல கிராஃப் வர்ற பகுதி அகலத்துல 95 பிக்ஸல், உயரத்துல 63 பிக்ஸல். அப்போ எக்ஸுக்கு மொத்தமே 95 மதிப்புதான் போட்டுப் பாக்குது. ஸ்க்ரீன்ல தெரியற எல்லைக்கு விண்டோன்னு பேரு, −10ல இருந்து 10 வரைக்கும் இருக்கிற விண்டோல 95 புள்ளின்னா நடுவுல 94 இடைவெளி, 20ஐ 94ஆல வகுத்தா ஒரு அடி 0.2128 சொச்சம். அந்த ஒரு அடிக்குள்ள ஃபங்ஷன் என்ன ஆட்டம் ஆடினாலும் அதுக்குத் தெரியாது. கலர் ஸ்க்ரீன் இருக்கிற டிஐ-84 பிளஸ் சிஇ-ல அகலம் 265 பிக்ஸல், அதனால கோடு நைஸா இருக்கும், ஆனா வேலை பாக்குற விதம் அதேதான்.

சரி, முதல் கிராஃப் எப்படிப் போடுறது?

மேல் வரிசைல இடது ஓரத்துல "ஒய்=" பட்டன். அமுக்குனா ஒய்1, ஒய்2ன்னு வரிசையா பத்து இடம் வரும். ஒய்1ல ஃபங்ஷன டைப் பண்ணுங்க. எக்ஸ் எழுத்துக்கு ஆல்ஃபா எல்லாம் தேட வேணாம், அதுக்குன்னே "எக்ஸ், டி, தீட்டா, என்"னு நாலு எழுத்தும் போட்ட ஒரு பட்டன் இருக்கு. டைப் பண்ணிட்டு "ஜூம்" அமுக்கி 6 அமுக்குங்க. 6ங்கிறது இசட்-ஸ்டாண்டர்ட், ரெண்டு அச்சையும் −10ல இருந்து 10க்கு வெச்சு உடனே கிராஃபையும் போட்டுரும், தனியா கிராஃப் பட்டன அமுக்கணும்னு கூட இல்ல. முதல் தடவைக்கு எக்ஸ்² − 4 போட்டுப் பாருங்க, −2லயும் 2லயும் அச்சை வெட்டிட்டு, −4ல அடியத் தொட்டுட்டு அழகா வந்து நிக்கும்.

மைனஸ் போட்டா சின்டாக்ஸ் எரர் வருது, நான் கரெக்டாத்தானே போட்டேன்?

இல்ல, தப்பான மைனஸ் போட்டிருக்கீங்க. இதுல மைனஸ் ரெண்டு. வலது பக்கம் பிளஸுக்கு மேல இருக்கிறது கழிக்கிறதுக்கு. என்டருக்கு இடது பக்கம், கீழ்வரிசைல, அடைப்புக்குறிக்குள்ள மைனஸ் போட்டிருக்கும் பாருங்க, அது நெகட்டிவ் நம்பருக்கு. −5எக்ஸ்னு ஆரம்பிக்கிற ஃபங்ஷனுக்கு ரெண்டாவதுதான் வேணும். எரர் ஸ்க்ரீன்ல "கோ டு" (Goto)ன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், குவிட் குடுக்காம அதைக் குடுத்தா தப்பு எங்கயோ அங்கயே கர்சர் போய் நிக்கும். பாதிப் பேர் குவிட் குடுத்துட்டு மறுபடி முதல்ல இருந்து டைப் பண்றாங்க, பாவமா இருக்கு.

இன்னொண்ணு, −3² போட்டா −9 வரும், 9 வராது. முதல்ல ஸ்கொயர், அப்புறம்தான் நெகட்டிவ். 9 வேணும்னா (−3)²னு அடைப்புக்குறி போடணும். கால்குலேட்டர் தப்பு பண்ணுதுன்னு எங்கிட்ட சண்டைக்கு வந்தவங்க உண்டு.

கிராஃப் பட்டன் அமுக்குறேன், அச்சு மட்டும் வருது, கோடு எதையும் காணோம். ஏன்?

இதான் இந்தப் பக்கத்தோட ராஜா கேள்வி. முதல்ல ஒய்= ஸ்க்ரீனுக்குப் போய் ஈக்வல் குறி கருப்பா ஹைலைட் ஆகியிருக்கான்னு பாருங்க. ஆகலைன்னா அந்த ஃபங்ஷன் ஆஃப்ல இருக்கு. கர்சர ஈக்வல் மேல கொண்டு போய் என்டர் குடுத்தா ஆன் ஆயிடும். அது சரியா இருந்தும் வரலைன்னா பிரச்சனை விண்டோதான். கோடு இருக்கு, நீங்க பாக்குற ஜன்னலுக்கு வெளில இருக்கு.

எக்ஸ்² + 20 போட்டு ஜூம் 6 குடுத்துப் பாருங்க. ஸ்க்ரீன் மேல்பக்கம் 10லயே முடிஞ்சிருது, பராபோலாவோட அடியே 20லதான் ஆரம்பிக்குது, அப்புறம் எங்க தெரியும்?

இதை விட மோசமானது, பாதி தெரிஞ்சு ஏமாத்துற கேஸ். ஒரு பந்தை 2 மீட்டர் உயரத்துல இருந்து செகண்டுக்கு 30 மீட்டர் வேகத்துல நேரா மேல எறியறோம்னு வெச்சுக்கலாம், உயரம் −4.9எக்ஸ்² + 30எக்ஸ் + 2, இங்க எக்ஸ்ங்கிறது நேரம். இதை ஜூம் 6ல போட்டா ரெண்டு செங்குத்தான கோடு மட்டும் வரும், ஒண்ணு ஒய் அச்சை ஒட்டி, இன்னொண்ணு 6 பக்கத்துல, கொடிக்கம்பி கட்ட ரெண்டு கம்பம் நட்ட மாதிரி. பராபோலா எங்க சார்னு கேப்பாங்க. அந்த ரெண்டு கம்பமும் பராபோலாவோட கால்தான், உடம்பு மொத்தமும் ஸ்க்ரீனுக்கு மேல இருக்கு.

இதுக்கு நான் சொல்ற வழி, ஜூம் அவுட் ஜூம் அவுட்னு அமுக்கிட்டே இருக்காதீங்க, முதல்ல டேபிள் பாருங்க. செகண்ட் (2nd) பட்டன அமுக்கி விண்டோ பட்டன அமுக்குனா டேபிள் செட்டிங் வரும், ஆரம்பம் 0, இடைவெளி 1 குடுங்க. அப்புறம் செகண்ட் அமுக்கி கிராஃப் பட்டன். 0க்கு 2, 1க்கு 27.1, 2க்கு 42.4, 3க்கு 47.9, 4க்கு 43.6, 5க்கு 29.5, 6க்கு 5.6, 7க்கு −28.1. இப்போ ஜன்னல் எவ்ளோ பெருசு வேணும்னு அதுவே சொல்லிருச்சு: எக்ஸ் 0ல இருந்து 7, ஒய் −5ல இருந்து 60. விண்டோ பட்டன அமுக்கி அந்த நாலு நம்பரையும் போட்டு கிராஃப் குடுங்க, முழு பராபோலாவும் வந்து உக்காரும்.

விண்டோல ஸ்கேல், ரெஸ்னு எல்லாம் இருக்கே, அது என்ன?

ஸ்கேல்ங்கிறது அச்சு மேல எத்தனைக்கு ஒரு தடவை சின்னக் கோடு போடணும்ங்கிறது. ஒய் 60 வரைக்கும் போகும்போது ஸ்கேல 1லயே விட்டீங்கன்னா அந்தச் சின்னக் கோடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அச்சே தடிமனா, கம்பளிப்பூச்சி மாதிரி ஆயிடும். 10னு மாத்துங்க. ரெஸ்ங்கிறது எத்தனை பிக்ஸலுக்கு ஒரு தடவை கணக்கு போடணும்ங்கிறது, 1ல இருந்து 8 வரைக்கும் வைக்கலாம். அதை 1லயே விட்டுருங்க. வேகமா வரணும்னு யாராவது 8 வெச்சுட்டுப் போயிருந்தா வளைவெல்லாம் முக்கு முக்கா வரும்.

மின்ன (கீழ் எல்லைய) விட மேக்ஸ் (மேல் எல்லை) சின்னதாவோ சமமாவோ இருந்தா "விண்டோ ரேஞ்ச்"னு எரர் வரும். அவ்ளோதான், பயப்பட வேணாம்.

ஜூம் ஃபிட் குடுத்தா தானாவே சரி பண்ணிக்காதா?

பண்ணும், பாதி. அது எக்ஸ் பக்கத்தைத் தொடாது, நீங்க வெச்சிருக்கிற எக்ஸ் எல்லைக்குள்ள ஒய் எவ்ளோ கீழ போகுது எவ்ளோ மேல போகுதுன்னு பாத்து ஒய்ய மட்டும் மாத்தும். பந்து கணக்குல எக்ஸ் −10 முதல் 10 வரைக்கும் இருக்கும்போது ஜூம் ஃபிட் குடுத்தீங்கன்னா, −10ல ஒய் −788, அது வரைக்கும் ஜன்னல இறக்கிரும், நமக்கு வேண்டிய மேல்பகுதி உச்சில நசுங்கிப் போயிடும். முதல்ல எக்ஸ நீங்க யோசிச்சு வைங்க, அப்புறம் அதைக் கூப்பிடுங்க, அப்போ நல்லா வேலை செய்யும்.

வட்டம் போட்டா முட்டை மாதிரி வருது?

ஸ்க்ரீன் சதுரம் இல்லையே. அகலம் அதிகம், உயரம் கம்மி, ஆனா ரெண்டுக்கும் −10 முதல் 10ன்னு ஒரே அளவு குடுத்திருக்கீங்க, அப்போ பக்கவாட்டுல இழுத்துத்தான் காட்டும். ஜூம் 5, இசட்-ஸ்கொயர் குடுங்க. ஒய்ய அப்படியே விட்டுட்டு எக்ஸ −15.16 முதல் 15.16 வரைக்கும் விரிச்சிரும், வட்டம் வட்டமாயிடும். ரெண்டு கோடு செங்குத்தா வெட்டுதான்னு பாக்கணும்னாலும் இதைக் குடுத்துட்டுத்தான் பாக்கணும், இல்லன்னா 90 டிகிரி 90 மாதிரியே தெரியாது.

வட்டத்தை எப்படி டைப் பண்றதுன்னு கேக்குறவங்களுக்கு: எக்ஸ்² + ஒய்² = 25ன்னு நேரா போட முடியாது, ஒய்= ஸ்க்ரீன் ஒரு எக்ஸுக்கு ஒரு ஒய்தான் வாங்கிக்கும். ஒய்ய தனியா எடுத்து, ஒய்1ல ரூட் (25 − எக்ஸ்²), ஒய்2ல அதுக்கு நெகட்டிவ், ரெண்டு அரைவட்டமா போடணும். போட்டா இடது ஓரத்துலயும் வலது ஓரத்துலயும் ரெண்டு பாதியும் சேராம ஒரு வாய் திறந்து நிக்கும். இது ஏன்னு யோசிச்சுப் பாத்திருக்கீங்களா? இசட்-ஸ்கொயர்ல ஒரு பிக்ஸல் 0.3226. நடுவுல இருந்து 15 பிக்ஸல் தள்ளி எக்ஸ் 4.84, அங்க ஒய் 1.26. 16வது பிக்ஸல்ல எக்ஸ் 5.16, அங்க ரூட்டுக்குள்ள நெகட்டிவ் ஆயிடுது, ஒய்யே கிடையாது. 5ங்கிற நம்பர அது தொடவே இல்ல. அதனால 1.26ல இருந்து −1.26 வரைக்கும் ஓட்டை. ஆரம் 3ன்னு வெச்சு ஜூம் 4, இசட்-டெசிமல்ல போட்டீங்கன்னா ஓட்டை அடைஞ்சிரும், அதுல ஒரு பிக்ஸல் சரியா 0.1, அப்போ 3 மேல ஒரு பிக்ஸல் கரெக்டா விழுது.

எக்ஸ் = 3ன்னு செங்குத்துக் கோடு போடணும்.

அது ஃபங்ஷன் இல்ல, ஒய்=ல வராது. செகண்ட் அமுக்கி ப்ரோகிராம் பட்டன அமுக்குனா ட்ரா மெனு வரும், அதுல 4 வெர்டிகல். ஹோம் ஸ்க்ரீன்ல இருந்து போய் 3ன்னு டைப் பண்ணி என்டர். அழிக்கணும்னா அதே மெனுல 1.

சைன் போட்டா நேர்கோடா வருது, கால்குலேட்டர் போயிடுச்சா?

போகல, டிகிரி மோட்ல இருக்கு. −10ல இருந்து 10 வரைக்கும்ங்கிறத அது −10 டிகிரில இருந்து 10 டிகிரின்னு எடுத்துக்குது, சைன் 10 டிகிரியே 0.17தான், ஸ்க்ரீன்ல ஒரு பிக்ஸல் உயரம் 0.32, அப்போ மொத்தமும் அச்சு மேலயே படுத்துக்கும், ரெண்டு ஓரத்துலயும் மட்டும் ஒரே ஒரு பிக்ஸல் தூக்கிக் காட்டும். மோட் பட்டன அமுக்கி ரேடியன் வைங்க, அப்புறம் ஜூம் 7, இசட்-ட்ரிக். அதுல எக்ஸ் ஏறக்குறைய −6.15 முதல் 6.15, அச்சுல குறி எல்லாம் பை/2க்கு ஒண்ணு, ஒய் −4 முதல் 4.

எனக்கே இது நடந்திருக்கு. ஒரு தடவை முழுசா ஒரு மணி நேரம் டிகிரி மோட்லயே பாடம் எடுத்துட்டேன், போர்டுல நான் வரைஞ்சதும் பசங்க கைல வந்ததும் ஒண்ணா இருக்கு, என் கைல மட்டும் வேற. கடைசி பெஞ்சுல இருந்த ஒருத்தன்தான் மோட் பாருங்கன்னு சொன்னான்.

எக்ஸ் பட்டன அமுக்குனா டி வருது?

மோட்ல ஃபங்ஷனுக்குப் பதிலா பாராமெட்ரிக் இருக்கு. மாத்துங்க. பட்டன்ல நாலு எழுத்து போட்டிருக்கிறது இதுக்குத்தான், மோடுக்கு ஏத்த மாதிரி எழுத்து மாறும்.

"இன்வேலிட் டிம்"னு எரர் வருது, நான் எதையும் தொடலையே?

யாரோ தொட்டிருக்காங்க. ஒய்= ஸ்க்ரீன் உச்சில பிளாட்1, பிளாட்2, பிளாட்3னு இருக்கும், அதுல ஒண்ணு கருப்பா இருந்தா புள்ளிவிவர கிராஃப் ஆன்ல இருக்குன்னு அர்த்தம், அதுக்கு வேண்டிய லிஸ்ட் காலியா இருக்கிறதால கத்துது. கர்சர மேல கொண்டு போய் அது மேல வெச்சு என்டர் குடுங்க, ஆஃப் ஆயிடும். லிஸ்ட் ரெண்டும் வேற வேற நீளத்துல இருந்தா "டிம் மிஸ்மேட்ச்"னு வரும், வைத்தியம் அதேதான்.

உச்சி எங்க, அச்சை எங்க வெட்டுதுன்னு சரியா கண்டுபிடிக்கணும். ட்ரேஸ்ல போனா 2.1276596னு அசிங்கமா வருது.

ட்ரேஸ்ல அம்புக்குறி அமுக்கும்போது ஒரு பிக்ஸல்ல இருந்து அடுத்த பிக்ஸலுக்குத் தாவுது, −10ல இருந்து 57 தாவல் தாவுனா 2.1276596, அதான் அந்த அசிங்கம். முழு நம்பர்ல வேணும்னா ட்ரேஸ்ல இருக்கும்போதே 2ன்னு டைப் பண்ணி என்டர் குடுங்க, நேரா அங்க போய் நிக்கும். இது பல பேருக்குத் தெரியாது.

ஆனா உச்சி, வெட்டும் இடம் இதுக்கெல்லாம் ட்ரேஸ் வேணாம், கண்ணால குத்துமதிப்பா பாக்குறதுதான் அது. செகண்ட் அமுக்கி ட்ரேஸ் அமுக்குங்க, கால்க் மெனு வரும். 2 ஜீரோ, 3 மினிமம், 4 மேக்ஸிமம், 5 இன்டர்செக்ட். பந்து கணக்குல 4 அமுக்குங்க. "லெஃப்ட் பவுண்ட்?"னு கேக்கும், உச்சிக்கு இடது பக்கம் எங்கயாவது கர்சர வெச்சு என்டர். "ரைட் பவுண்ட்?" கேக்கும், வலது பக்கம் வெச்சு என்டர். "கெஸ்?" கேக்கும், உச்சி கிட்ட வெச்சு என்டர். கர்சர நகர்த்த சோம்பேறித்தனமா இருந்தா 2, 4, 3ன்னு நம்பரே டைப் பண்ணலாம். எக்ஸ் 3.061, ஒய் 47.918ன்னு வரும். அதே மாதிரி ஜீரோ குடுத்தா 6.188 செகண்ட்ல பந்து தரைய தொடுது.

இதுல ரெண்டு விஷயம். முதல்ல, இந்த விடை கொஞ்சம் கொஞ்சமா நெருங்கிப் போய் கண்டுபிடிக்கிற விடை, அதனால சில சமயம் 2 வர வேண்டிய இடத்துல 1.9999987 மாதிரி வரும். அதை அப்படியே பேப்பர்ல எழுதாதீங்க, 2ன்னு எழுதுங்க. ரெண்டாவது, (எக்ஸ் − 1)² மாதிரி அச்சை வெட்டாம தொட்டுட்டு மட்டும் திரும்புற வளைவுல ஜீரோ குடுத்தா "நோ சைன் சேஞ்ச்"னு சொல்லி கைய விரிக்கலாம், ஏன்னா அது பிளஸ்ல இருந்து மைனஸுக்கு மாறுற இடத்தைத் தேடுது, இங்க மாறவே இல்ல. அப்போ ஜீரோவ விட்டுட்டு மினிமம் குடுங்க.

ரெண்டு கோடு வெட்டுற இடம்?

ஒய்1ல பந்து, ஒய்2ல 30 போடுங்க, பந்து எப்போ 30 மீட்டர் உயரத்துல இருக்குன்னு கேக்குறோம். கால்க் மெனுல 5. "ஃபர்ஸ்ட் கர்வ்?" என்டர், "செகண்ட் கர்வ்?" என்டர், "கெஸ்?" கேக்கும்போது மட்டும் அவசரப்படாதீங்க. எல்லாரும் டக் டக் டக்னு மூணு என்டர் அடிச்சுட்டு ஒரு விடைய மட்டும் எழுதிட்டு வந்துருவாங்க. இங்க வெட்டுற இடம் ரெண்டு, மேல போகும்போது 1.149, கீழ வரும்போது 4.974. கெஸ் கேக்கும்போது கர்சர் எதுக்குப் பக்கத்துல இருக்கோ அதைத்தான் பொதுவா குடுக்கும், அதனால ரெண்டு தடவை பண்ணணும். வெட்டுற இடம் ஸ்க்ரீனுக்கு வெளில இருந்தாலும் எரர்தான், முதல்ல விண்டோவ விரிங்க.

கிராஃபிங் கால்குலேட்டரோட அருமையே எனக்கு இங்கதான் தெரியும். கோஸ் எக்ஸ் = எக்ஸ்னு ஒரு சமன்பாடு, பாக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், ஆனா எக்ஸ தனியா பிரிச்சு எடுக்க வழியே கிடையாது. ஒய்1ல கோஸ் எக்ஸ், ஒய்2ல எக்ஸ், ரேடியன் மோட், இன்டர்செக்ட்: 0.7390851. முடிஞ்சுது.

1/(எக்ஸ் − 2) போட்டா நடுவுல செங்குத்தா ஒரு கோடு வருதே, அது கிராஃப்ல சேர்த்தியா?

சேர்த்தி இல்ல. அது அணுகுகோடுன்னு (வளைவு தொடாம நெருங்கிட்டே போற கோடு) சில புத்திசாலிங்க சொல்லுவாங்க, அதுவும் இல்ல, வெறும் விபத்து. ஜூம் 6 விண்டோல 2க்கு இடது பக்கம் இருக்கிற பிக்ஸல் 1.915, அங்க ஒய் −11.75. வலது பக்கம் இருக்கிறது 2.128, அங்க ஒய் 7.83. நடுவுல 2ங்கிற இடத்துல வகுத்தல் நாசமாப் போகுதுன்னு அதுக்கு எப்படித் தெரியும், அந்த நம்பர அது போட்டே பாக்கல. ரெண்டு புள்ளிய சேத்துரும், கோடு வந்துரும். ஜூம் 4ல போடுங்க, 2 மேல சரியா ஒரு பிக்ஸல் விழும், அங்க ஒய் கிடையாதுன்னு அதுக்கே தெரிஞ்சு கோடு இழுக்காம விட்டுரும். கலர் மாடல்ல ஃபார்மேட் மெனுல அணுகுகோட்டைக் கண்டுபிடிக்கிற ஆப்ஷனே இருக்கு.

அப்புறம் அடைப்புக்குறி. 1/எக்ஸ் − 2ன்னு போட்டா அது 1/எக்ஸ்ல இருந்து 2 கழிக்கிறது, வேற கிராஃப்.

இதே குடும்பத்துல இன்னொண்ணு, (எக்ஸ்² − 1)/(எக்ஸ் − 1). சுருக்குனா எக்ஸ் + 1, ஆனா எக்ஸ் 1ல மட்டும் ஒரு ஓட்டை இருக்கணும். ஜூம் 6ல ஓட்டையே தெரியாது, முழுக்கோடு. ஜூம் 4ல (1, 2)ங்கிற இடத்துல ஒரே ஒரு பிக்ஸல் காணாமப் போயிருக்கும், உத்துப் பாருங்க. உத்துப் பாத்தாலும் அச்சுக்குறியா ஓட்டையான்னு சந்தேகமா இருந்தா டேபிள்ல போய் 1ஐப் பாருங்க, ஒய் இடத்துல எரர்னு போட்டிருக்கும்.

எக்ஸ் 0க்குக் கீழ ஒரு ஃபங்ஷன், மேல வேற ஒண்ணு. இப்படி துண்டு துண்டா போட முடியுமா?

முடியும். செகண்ட் அமுக்கி மேத் பட்டன அமுக்குனா பெருசு சின்னதுங்கிற குறியெல்லாம் வரும். (எக்ஸ் < 0)ன்னு எழுதுனா அது உண்மையா இருக்கும்போது 1, பொய்யா இருக்கும்போது 0. இதை வெச்சு வகுக்குறதுதான் தந்திரம்: ஒய்1ல எக்ஸ்²/(எக்ஸ் < 0), ஒய்2ல (எக்ஸ் + 1)/(எக்ஸ் ≥ 0). நிபந்தனை பொய்யா இருக்கிற பக்கம் 0ஆல வகுக்க வேண்டி வரும், அங்க புள்ளியே வைக்காது. பெருக்கவும் செய்யலாம், ஆனா பெருக்குனா பொய்யான பக்கம் ஒய் 0 ஆகி அச்சு மேல ஒரு கோடு போட்டுட்டே போகும், எனக்கு அது பிடிக்காது.

ஒரு இடத்துல மட்டும் எல்லாரும் விழுவாங்க. 0 ≤ எக்ஸ் < 3ன்னு புக்ல இருக்கிற மாதிரியே டைப் பண்ணுவாங்க, எரரும் வராது, கிராஃபும் தப்பா வரும். ஏன்னா அது இடமிருந்து வலமா படிக்குது, முதல்ல 0 ≤ எக்ஸ், அதுக்கு விடை 0 இல்லன்னா 1, அப்புறம் அந்த 0வோ 1ஓ 3ஐ விட சின்னதான்னு கேக்குது, எப்பவுமே ஆமாம்தானே. (எக்ஸ் ≥ 0)(எக்ஸ் < 3)ன்னு ரெண்டாப் பிரிச்சுப் பெருக்கி, மொத்தத்துக்கும் இன்னொரு அடைப்புக்குறி போட்டு அதால வகுங்க.

கேசியோல?

மெனுல கிராஃப் ஐகானுக்குள்ள போங்க, ஃபங்ஷன டைப் பண்ணி எக்ஸிக்யூட் பட்டன், அப்புறம் எஃப்6 ட்ரா. விண்டோக்கு ஷிஃப்ட் எஃப்3, அதுல ஸ்டாண்டர்ட் குடுத்தா −10 முதல் 10. கருப்பு வெள்ளை மாடல்ல இனிஷியல் குடுத்தா எக்ஸ் −6.3 முதல் 6.3, ஒய் −3.1 முதல் 3.1, ஒரு பிக்ஸல் சரியா 0.1, டிஐல இசட்-டெசிமல் பண்ற வேலைதான். உச்சி, வெட்டும் இடம் எல்லாம் ஷிஃப்ட் எஃப்5, ஜி-சால்வ். இதுல எனக்கு டிஐய விட கேசியோதான் பிடிக்கும், இடது எல்லை வலது எல்லைன்னு நொச்சுப் பண்ணாது, ரூட் குடுத்தா முதல் ரூட்ல போய் நிக்கும், வலது அம்பு அமுக்குனா அடுத்தது. துண்டு ஃபங்ஷனும் சுலபம், எக்ஸ்² எழுதி கமா போட்டு சதுர அடைப்புக்குறிக்குள்ள −2, 4ன்னு எல்லையக் குடுத்தா போதும். சும்மாவா, 1985ல எஃப்எக்ஸ்-7000ஜி-ன்னு முதல் கிராஃபிங் கால்குலேட்டரையே வெளில விட்டது அவங்கதான், டிஐ-81 வந்தது 1990ல.

எல்லாம் குழம்பிப் போச்சு, புதுசு மாதிரி ஆக்கணும்.

செகண்ட், பிளஸ், அதுல ரீசெட், அதுல டிஃபால்ட்ஸ் மட்டும் குடுங்க. ராம் ரீசெட் குடுத்துறாதீங்க, அதுல சேத்து வெச்ச ப்ரோகிராமும் போயிடும். டிஃபால்ட்ஸ் குடுத்தா ஃபங்ஷனெல்லாம் ஆஃப் ஆகியிருக்கும், அப்புறம் கிராஃப் வரலைன்னு மறுபடி மேல இருக்கிற கேள்விக்கு வராதீங்க, ஈக்வல் மேல என்டர். ரேடியனும் திரும்பி வந்திருக்கும், டிகிரி வேணும்னா நீங்கதான் வைக்கணும்.

கால்குலேட்டர் காட்டுற கிராஃப் தப்பா இருக்க வாய்ப்பே இல்லையா?

ஒண்ணு பண்ணிப் பாருங்க. கருப்பு வெள்ளை டிஐ-84 பிளஸ், ரேடியன் மோட், ஒய்1ல சைன் (49எக்ஸ்), ஜூம் 7. அந்த 12 சொச்சம் அகல ஜன்னல்ல கிட்டத்தட்ட 96 அலை நெருக்கியடிச்சு வரணும். ஆனா வர்றது ரெண்டே அலை, சாதாரண சைன் எக்ஸ் மாதிரியே. ஒய்2ல சைன் எக்ஸ் போட்டு அது மேலயே ஓட விடுங்க, ஒரு பிக்ஸல் கூட விலகாது. இசட்-ட்ரிக் விண்டோல ஒரு அடி சரியா பை/24. அந்தந்த இடத்துல 49எக்ஸுக்கும் எக்ஸுக்கும் வித்தியாசம் 48எக்ஸ், அதாவது ரெண்டு பையோட (2 × பை) முழு மடங்கு, சைன் மதிப்பு மாறவே மாறாது. 49ஐ 48ஆக்கிப் பாருங்க, அலையே இல்லாம அச்சு மேல நேர்கோடாப் படுத்துக்கும். 95 இடத்துல எட்டிப் பாத்துச்சு, 95 தடவையும் 0தான் பாத்துச்சு. எக்ஸ்மின்ன 0, எக்ஸ்மேக்ஸ 0.5னு சுருக்கிட்டு கிராஃப் குடுங்க, ஒளிஞ்சிருந்த அலையெல்லாம் ஒண்ணொண்ணா வெளில வரும்.